கொலுப் பொம்மைகளை வருடம் முழுக்கக் கண்ணாடி ஷோகேஸில் வைக்கலாமா?

மாடவீதி_மருமகள் எழுதியது:

வணக்கம். மாமியார் காலத்துக் கொலுப் பொம்மைகள் இப்போது எங்கள் வீட்டுக்கு வந்திருக்கின்றன. காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெருவில் வாங்கிய மண் தசாவதாரம் ஒரு செட், செட்டியார் செட்டிச்சி, காகிதக்கூழில் செய்த கல்யாண செட், பழைய மரப்பாச்சி ஜோடி, தஞ்சாவூர் தலையாட்டி. நவராத்திரி முடிந்ததும் இவ்வளவு அழகான பொம்மைகளை மறுபடி பரண் மேல் ஏற்ற மனசு வரவில்லை, ஹாலில் ஒரு ஷோகேஸ் செய்து நிரந்தரமாக வைத்துவிடலாம் என்று இருக்கிறேன். வீடு திருவான்மியூரில், கடல் காற்று நேராக வரும். ஹாலில் மேற்கே பெரிய ஜன்னல், அதற்கு எதிர்ச் சுவர்தான் காலியாக இருக்கிறது. கார்பெண்டர் எம்.டி.எஃப்.பில் (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) பெட்டி அடித்து முன்னால் ஸ்லைடிங் கண்ணாடி போடலாம் என்கிறார். கணவர் ரெடிமேட் அக்ரிலிக் பெட்டி போதும் என்கிறார். எது சரி? உள்ளே லைட் போடலாமா? அனுபவம் உள்ளவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

பழையபெட்டி எழுதியது:

அம்மா, முதலில் ஒரு வார்த்தை. விஜயதசமி அன்று ராத்திரி ஒரு பொம்மையையாவது படுக்க வைத்துவிட்டு மறுநாள் எடுத்துக் கட்டி வைப்பது சும்மா வந்த பழக்கம் இல்லை. நவராத்திரி முடிந்த கையோடு வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். அந்த ஈரம் பொம்மை மேல் படுவதற்கு முன்னால், நன்றாகத் துவைத்துத் துவைத்து மென்மையான பழைய வேட்டியில் சுற்றி, வசம்புத் துண்டு போட்டு, டிரங்குப் பெட்டியில் வைத்து மூடிவிடுவார்கள். வருடத்தில் மீதி நாள் முழுக்க வெளிச்சமும் கிடையாது, தூசியும் கிடையாது, குழந்தை கையும் படாது. உங்கள் மாமியாரின் பொம்மைகள் இன்றைக்கும் நிறம் மங்காமல் இருக்கின்றன என்றால் அந்தப் பெட்டிதான் காரணம். கண்ணாடிக்குள் வைத்தால் அழகாகத்தான் இருக்கும், ஆனால் உங்கள் பேத்தி காலத்துக்கு அந்த நிறம் இருக்குமா என்று யோசித்துவிட்டுச் செய்யுங்கள்.

கண்ணாடிக்கடை_திருச்சி எழுதியது:

பெரியவர் சொல்வது மதிக்க வேண்டிய விஷயம். ஆனாலும் பார்க்க ஆசையாக இருக்கும்போது ஒழுங்காகச் செய்தால் வைக்கலாம், நான் கண்ணாடி அலுமினிய வேலை செய்கிறவன், கொலு ஷோகேஸ் நிறைய செய்து கொடுத்திருக்கிறேன்.

அக்ரிலிக்கா கண்ணாடியா என்றால், எடை கண்ணாடியில் பாதிதான் வரும், உடைந்து கையைக் கிழிக்காது, தெளிவாகவும் இருக்கும், அதெல்லாம் உண்மை. ஆனால் துணியால் துடைத்த உடனே நிலைமின்சாரம் ஏறித் தூசியை இழுக்கும், அந்தத் தூசியோடு மறுபடி துடைத்தால் கீறல் விழும். கண்ணாடி துடைக்கும் அம்மோனியா கலந்த ஸ்பிரே, சானிடைசர் இதெல்லாம் பட்டால் மேலே நூல் நூலாக வெடிப்பு ஓடும். ஒற்றைப் பொம்மைக்கு மேஜை மேல் மூடி மாதிரி வைக்க அக்ரிலிக் நல்லது. மண் பொம்மை செட்டுக்குக் கண்ணாடிதான்.

தட்டுக்கு 8 எம்.எம். டஃபன் (சூடேற்றி உறுதியாக்கிய கண்ணாடி) போடுங்கள், இரண்டு அடிக்கு மேல் நீளம் போனால் நடுவில் ஒரு தாங்கல் வேண்டும். மண் பொம்மையின் எடையைக் கையில் தூக்கிப் பார்த்தால்தான் தெரியும், தசாவதாரம் பத்தும் ஒரே தட்டில் நின்றால் சாதாரண 5 எம்.எம். கண்ணாடி வயிறு தொங்கும். டஃபன் செய்தபிறகு கண்ணாடியை வெட்டவோ துளை போடவோ முடியாது, அதனால் கீல் துளை, பூட்டுத் துளை எல்லாம் முன்னாடியே அளந்து சொல்லிவிட வேண்டும். இன்னொன்று, ஸ்லைடிங் வேண்டாம். ஈ சேனல் என்கிற இரட்டைத் தடத்தில் ஓடும் இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் ஒரு விரல் தடிமனுக்கு இடைவெளி இருக்கும், தூசி மொத்தமும் அந்த வழியாகத்தான் வரும். ஏற்கனவே ஸ்லைடிங் வைத்திருப்பவர்கள் அந்த இடைவெளியில் பிரஷ் ஸ்ட்ரிப் ஒட்டிக்கொள்ளலாம். புதிதாகச் செய்கிறவர்கள் கீல் வைத்த கதவே போடுங்கள்.

காப்பறை எழுதியது:

நான் அருங்காட்சியகப் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கார்பெண்டர் சொன்ன எம்.டி.எஃப். பற்றி யாரும் பேசவில்லை, அதனால் எழுதுகிறேன். எம்.டி.எஃப்., பிளைவுட் இரண்டிலும் இருக்கும் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு வாயு வந்துகொண்டே இருக்கும், மரத்திலிருந்து அசெட்டிக் அமிலமும் வரும். திறந்த அலமாரி என்றால் காற்றோடு போய்விடும். கண்ணாடி போட்டு மூடிவிட்டால் அது உள்ளேயே சுற்றும். பித்தளை, ஈயம், பழைய ஜரிகை எல்லாம் இதில் கெட்டுப்போகும். இதற்காகவே பிரிட்டிஷ் மியூசியத்தில் ஆண்ட்ரூ ஓடி என்பவர் 1973-ல் ஒரு சோதனை கொண்டுவந்தார், ஓடி டெஸ்ட் என்றே பெயர். ஷோகேஸுக்குள் வைக்கப்போகும் மரம், துணி, பசை எதுவானாலும் ஒரு துண்டு எடுத்து, வெள்ளி, செம்பு, ஈயத் தகடுகளோடு கண்ணாடிக் குழாயில் அடைத்து, 60 டிகிரி சூட்டில் ஈரத்தோடு 28 நாள் வைப்பார்கள். தகடு நிறம் மாறினால் அந்தப் பொருள் ஷோகேஸுக்கு ஆகாது.

வீட்டில் இதெல்லாம் செய்ய முடியாது, தேவையும் இல்லை. பவுடர் கோட்டிங் செய்த அலுமினிய ஃபிரேம், கண்ணாடி, அவ்வளவு போதும். மரம்தான் வேண்டும் என்றால் வெட்டுமுனை உட்பட எல்லாப் பக்கமும் லேமினேட் ஒட்டி அடைத்து, கதவைத் திறந்தே சில வாரம் வாசனை போகும்வரை ஆறவிட்டு, அப்புறம் பொம்மையை ஏற்றுங்கள். மூக்கை உள்ளே விட்டால் புது பிளைவுட் நெடி அடிக்கிறதா, இன்னும் ஆறவில்லை.

கண்ணாடி ஒட்டும் சிலிகானிலும் கவனம் வேண்டும். காடி வாசனை வரும் சிலிகான் உலரும்போது அசெட்டிக் அமிலம் விடுகிறது. கடையில் நியூட்ரல் சிலிகான் என்று கேட்டு வாங்குங்கள்.

கண்ணாடிக்கடை_திருச்சி எழுதியது:

சார் சொன்ன சிலிகான் விஷயம் சரிதான், நியூட்ரல் எல்லா ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும், விலை கொஞ்சம் கூட. ஆனால் எம்.டி.எஃப். பற்றி ஒன்று சொல்லவேண்டும் சார், எல்லோர் வீட்டு பட்ஜெட்டும் அலுமினியத்துக்கு வராது. நன்றாக சீல் செய்த பிளைவுட்டில் மண் பொம்மை வைத்து நிறம் கெட்டதாக எந்த வாடிக்கையாளரும் என்னிடம் சொன்னதில்லை.

காப்பறை எழுதியது:

மண் பொம்மையில் அவ்வளவு சீக்கிரம் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். அந்த அம்மா எழுதிய பட்டியலில் கல்யாண செட் இருக்கிறது, அதில் ஜரிகைத் துணி, உலோக நகை இருக்கும், அதை நினைத்துத்தான் எழுதினேன். பிளைவுட்டே போடுவதானால் அந்த செட்டை மட்டும் தனியாக ஒரு கண்ணாடிப் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள்.

கோவை_பார்பி எழுதியது:

நான் சேர்ப்பது வேறு வகை, பார்பியும் ஜப்பான் பிவிசி உருவங்களும். எங்களுக்குப் பிரச்சினை நேர் எதிர், அதனால் இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். மென்மையான வினைலில் அதை இளக்கமாக வைக்கச் சேர்த்த பிளாஸ்டிசைசர் என்ற ரசாயனம் வருடங்கள் போகப்போக மேலே கசியும், தொட்டால் கால் பிசுபிசு என்று இருக்கும், அதில் தூசி ஒட்டி அழுக்காகும். காற்றுப் போகாமல் அடைத்த பெட்டியில் இது இன்னும் மோசம். அதனால் வினைல் பொம்மைக்குக் கொஞ்சம் காற்றோட்டம் வேண்டும், அலமாரிக்குப் பின்னால் இரண்டு துளை போட்டுத் துணி வடிகட்டி ஒட்டிவிடலாம். 1959-ல் வெளிவந்த முதல் பார்பிகளின் காதில் உலோகத் தோடு குத்தியிருக்கும். அதிலுள்ள செம்பு வினைலோடு சேர்ந்து காது பச்சையாகிவிடும், சேகரிப்பவர்கள் இதைப் பச்சைக் காது என்றே சொல்வோம். பழைய பார்பி கையில் கிடைத்தால் முதல் வேலை தோட்டைக் கழற்றுவதுதான்.

நாஃப்தலின் உருண்டையை பிளாஸ்டிக் பொம்மை பக்கமே கொண்டுபோகாதீர்கள், சில பிளாஸ்டிக்கை அது இளக்கிவிடும். பாட்டி காலத்து செல்லுலாய்டு பொம்மை யாரிடமாவது இருந்தால் அதைத் தனியாக, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள், அதிலிருந்து வரும் அமில வாயு பக்கத்துப் பொம்மையையும் கெடுக்கும், தீயும் சட்டென்று பிடிக்கும்.

வைகைக்கரை எழுதியது:

எங்கள் ஊர் திருப்பரங்குன்றம் பக்கம், விளாச்சேரி பொம்மைக்காரர்களோடு பழகி வளர்ந்தவன். அக்கா, கண்ணாடி, அக்ரிலிக் பேச்சை எல்லாம் நிறுத்திவிட்டு, முதலில் ஒவ்வொரு மண் பொம்மையையும் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பாருங்கள். வர்ணம் அடிக்காத அந்த வாயோரத்தில் உப்பு மாதிரி வெள்ளைப் பொடி இருக்கிறதா? விரல் நுனியால் தொட்டால் ஒட்டிக்கொண்டு வரும். இருந்தால் அது ஓதம் ஏறிய பொம்மை. மண்ணுக்குள் இருக்கும் உப்பு, ஈரம் ஏறும்போது கரைந்து, ஈரம் காயும்போது மேலே வந்து படிகமாகிறது. அடிப்பாகத்தில் வந்தால் பொடியாக உதிரும். வர்ணத்துக்குக் கீழே வந்தால் வர்ணத்தைத் தூக்கும், ராமர் கன்னத்தில் சின்னக் கொப்புளம் மாதிரி ஆரம்பித்து, ஒரு நாள் செதிலாக விழுந்துவிடும், உள்ளே செங்கல் நிறம் தெரியும். அந்தக் கொப்புளத்தை விரலால் அழுத்தாதீர்கள்.

இந்த உப்பை வளர்ப்பது ஈரம் மட்டும் இல்லை, ஈரமும் காய்ச்சலும் மாறிமாறி வருவதுதான். கடலோர வீட்டில் பகலில் ஜன்னல் திறந்து, ராத்திரி ஏசி போட்டு, காலையில் அணைத்தால் தினம் அந்த மாற்றம் நடக்கும். அதனால் மண் பொம்மைக்கு நல்ல இறுக்கமான கதவு ரொம்ப முக்கியம், வெளியே ஏறி இறங்கினாலும் உள்ளே மெதுவாகத்தான் மாறும். ஆனால் ஈரத்தோடு மூடினால் ஈரத்தைத்தான் பூட்டி வைக்கிறீர்கள். மழை ஓய்ந்தபிறகு, நல்ல காய்ச்சலான நாளில், நிழலில் ஆற வைத்து எடுத்து அடுக்குங்கள். வெயிலில் காயவைக்காதீர்கள்.

காகிதக்கூழ் பொம்மைக்கு உப்புத் தொல்லை கிடையாது, அதற்கு எதிரி பூச்சி. மாவுப் பசைக்கு வெள்ளி நிற ராமபாணப் பூச்சி தேடி வரும். ஓரத்தில் சுரண்டினமாதிரி வர்ணம் போயிருந்தால் அதன் வேலை. அலமாரியின் பின்பலகை சுவரை ஒட்டாமல் இரண்டு அங்குலம் தள்ளி நிற்கட்டும், அந்தச் சுவருக்குப் பின்னால் பாத்ரூம் இருந்தால் வேறு சுவர் பாருங்கள்.

மாடவீதி_மருமகள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வைகைக்கரை தம்பி சொன்னபடி கவிழ்த்துப் பார்த்தேன், கூர்மத்துக்கும் வராகத்துக்கும் அடியில் வெள்ளைப் பொடி இருக்கிறது, மற்றது எல்லாம் சுத்தம். அதை ஈரத்துணியால் துடைக்கலாமா? பரசுராமர் வேஷ்டி மஞ்சள் கொஞ்சம் மங்கியிருக்கிறது, மயிலாப்பூரில் ஒருவர் எல்லாவற்றுக்கும் புதிதாக எனாமல் அடித்துத் தருகிறேன் என்கிறார், கொடுக்கலாமா? அப்புறம் அந்த மேற்கு ஜன்னல் வெளிச்சம் பற்றி யாரும் சொல்லவில்லை.

வைகைக்கரை எழுதியது:

ஈரத்துணி கூடவே கூடாது அக்கா, உப்பு மறுபடி உள்ளே போகும். மென்மையான காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள், வர்ணம் தீட்டும் ஆட்டு முடி பிரஷ் போதும். மரப்பாச்சிக்கும் தண்ணீர் ஆகாது.

புது வர்ணம் பற்றி: வேண்டாம் என்பேன். பழைய பொம்மையின் முகத்தில் கண் எழுதியிருக்கும் விதத்தைப் பாருங்கள், மேல் இமைக்கு ஒரே இழுப்பில் கோடு, கருவிழி நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி. கண் திறப்பது என்பதே தனி வேலை, கடைசியில், கை தேர்ந்தவர் மட்டும் செய்வது. அந்தக் கையெழுத்து எனாமலுக்கு அடியில் போய்விட்டால் திரும்ப வராது. பளபளப்பு மட்டும்தான் மிஞ்சும்.

காப்பறை எழுதியது:

வெளிச்சத்துக்கு வருகிறேன், உங்கள் வீட்டில் பெரிய ஆபத்து அதுதான். துணி, காகிதம், இயற்கைச் சாயம் இருக்கும் பொருளுக்கு அருங்காட்சியகங்களில் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம்தான் வைப்போம். மங்கலாகத் தோன்றும், கண் பழகிவிட்டால் எல்லாம் தெரியும். ஜன்னலோரம் பல ஆயிரம் லக்ஸ் சாதாரணமாக வரும். சேதம் கூட்டுக் கணக்கில் ஏறுவது: 5,000 லக்ஸில் ஒரு மணி நேரம் நிற்பது 50 லக்ஸில் நூறு மணி நேரம் நிற்பதற்குச் சமம். மாலை வெயில் நேராக விழும் எதிர்ச் சுவரில் ஷோகேஸ் வைத்தால் எவ்வளவு நல்ல கண்ணாடியும் காப்பாற்றாது. ஃபோனில் லக்ஸ் அளக்கும் செயலி இருக்கிறது, துல்லியம் குறைவு என்றாலும் ஹாலில் எந்த மூலை இருட்டு, எந்த மூலை வெளிச்சம் என்று நன்றாகவே காட்டும்.

டஃபன் கண்ணாடி புற ஊதாக்கதிரைத் தடுக்கும் என்று கடையில் சொன்னால் நம்பவேண்டாம், அது உறுதிக்காக மட்டும். இரண்டு கண்ணாடிக்கு நடுவில் பிவிபி படலம் வைத்த லேமினேட்டட் கண்ணாடி புற ஊதாவை ஏறக்குறைய முழுவதும் நிறுத்தும். ஆனால் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் நிறத்தை மங்கடிக்கும், அதைக் கண்ணாடியால் நிறுத்த முடியாது. எனவே இடம்தான் முதலில், கண்ணாடி அப்புறம்.

உள்ளே விளக்கு போடலாம். வார்ம் ஒயிட் எல்இடி ஸ்ட்ரிப், மேல் ஓரத்தில், பொம்மை முகத்துக்கு நேராக இல்லாமல். அதற்கு மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவர் பெட்டி சூடாகும், அதை அலமாரிக்கு வெளியே வைக்கச் சொல்லுங்கள். விருந்தாளி வரும்போது போடுங்கள், மற்ற நேரம் அணைத்துவிடுங்கள்.

டெல்லி போகிறவர்கள் சங்கர் சர்வதேசப் பொம்மை அருங்காட்சியகத்தைப் பாருங்கள், கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1965-ல் தொடங்கியது. பல நாட்டுப் பொம்மைகளைச் சுவரோரக் கண்ணாடிப் பெட்டிகளில் வைத்திருக்கிறார்கள். குழந்தைகள் எந்த உயரத்தில் நின்று பார்க்கிறார்கள், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று கவனித்துவிட்டு வந்தால் வீட்டு ஷோகேஸுக்கும் உதவும்.

ஒசாகா_தமிழன் எழுதியது:

இங்கே ஜப்பானில் ஹினா பொம்மைகளைப் பார்க்கும்போதெல்லாம் நம் கொலு ஞாபகம்தான் வரும், சிவப்புத் துணி விரித்த படி, மேலே ராஜா ராணி, கீழே பரிவாரம். மார்ச் 3-க்கு முன்னால் எடுத்து அடுக்குவார்கள், அது முடிந்ததும் தாமதிக்காமல் எடுத்து வைத்துவிட வேண்டும், தாமதித்தால் பெண்ணுக்குக் கல்யாணம் தள்ளிப்போகும் என்று ஒரு நம்பிக்கை. முகத்தில் மென்மையான காகிதம் சுற்றி, காய்ந்த நாளாகப் பார்த்துப் பெட்டியில் வைப்பார்கள். இடம் இல்லாதவர்களுக்குக் கண்ணாடிப் பெட்டியோடு சேர்த்தே சின்ன செட் கடையில் கிடைக்கும். அந்தப் பெட்டியையும் மற்ற மாதங்களில் உள்ளேதான் வைப்பார்கள்.

பழையபெட்டி எழுதியது:

அப்படியென்றால் அங்கேயும் பெட்டிக்குத்தான் போகிறது. காப்பறை ஐயா கணக்கும் நான் சொன்னதும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது. அம்மா, ஷோகேஸ் வேண்டாம் என்று இனி சொல்லமாட்டேன். ஆனால் எல்லாவற்றையும் ஒன்றாக வெளியே வைக்காதீர்கள். சின்ன ஷோகேஸாகச் செய்து, மூன்று மாதத்துக்கு ஒரு செட் வையுங்கள். தை மாதம் செட்டியார் செட்டிச்சி, சித்திரைக்குத் தலையாட்டி என்று மாற்றிக்கொண்டே வந்தால் வீட்டுக்கு வருகிறவர்களுக்கும் ஒவ்வொரு முறை புதிதாக இருக்கும், மீதி எல்லாம் வேட்டியில் சுற்றி இருட்டில் பத்திரமாக இருக்கும். எடுத்து வைக்கும்போது கை படும் இல்லையா, அப்போதுதான் எதில் விரிசல், எதில் பூச்சி என்று தெரியும். மூடிவைத்து மறந்த பொம்மைதான் கெடும்.

காப்பறை எழுதியது:

ஐயா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். பெரிய அருங்காட்சியகங்களும் துணி, ஓவியங்களை இப்படி மாற்றி மாற்றித்தான் வைக்கின்றன. இந்த இழையில் இதைவிட நல்ல யோசனை வரவில்லை.

நெய்வேலி_அம்மு எழுதியது:

இடையில் என் கேள்வி. சிலிக்கா ஜெல் பாக்கெட் போடலாமா, எவ்வளவு போடுவது? வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது.

கோவை_பார்பி எழுதியது:

போடலாம் அம்மு, ஆனால் நீல நிற மணி வேண்டாம், அதில் கோபால்ட் குளோரைடு என்ற நச்சுப் பொருள் இருக்கிறது. ஆரஞ்சு நிறம் வாங்குங்கள், ஈரம் குடித்ததும் பச்சையாக மாறும், ஓவனில் 110 டிகிரி அளவில் காயவைத்தால் மறுபடி ஆரஞ்சாகும். அதையும் குழந்தை கைக்கு எட்டாமல், துளை போட்ட டப்பாவில் போட்டு மேல் தட்டின் பின்பக்கம் வையுங்கள். அளவைக் கண்மதிப்பாகப் போடாமல் ஒரு சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானி வாங்கி உள்ளே வைத்துப் பாருங்கள். 45 முதல் 55 சதவீதத்துக்குள் நின்றால் நல்லது. 65-க்கு மேல் போய் அங்கேயே நின்றால் பூஞ்சைக்கு வசதி. ரொம்பக் கீழே இறக்கினாலும் மரப்பாச்சி வெடிக்கும்.

மாடவீதி_மருமகள் எழுதியது:

முடிவு செய்துவிட்டோம். ஜன்னல் எதிர்ச் சுவரை விட்டுவிட்டு, சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில் உள்சுவரில், ஃபோனில் அளந்ததில் ஹாலிலேயே குறைந்த வெளிச்சம் வந்த இடத்தில், மூன்றடி அகலத்தில் சின்னதாக அலுமினிய ஃபிரேம் ஷோகேஸ். கீல் கதவு, பூட்டு, நியூட்ரல் சிலிகான். தை மாதத்தில் அடுக்குவோம். முதலில் செட்டியார் செட்டிச்சி, கூடவே மரப்பாச்சி. கூர்மமும் வராகமும் இப்போதைக்குப் பெட்டியிலேயே இருக்கட்டும். எனாமல் அடிப்பவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். திருச்சி அண்ணா, ஒரே ஒரு சந்தேகம். கண்ணாடித் தட்டில் மண் பொம்மை நேராக நிற்கலாமா? தலையாட்டி நகர்ந்து விழுந்துவிடாதா?

கண்ணாடிக்கடை_திருச்சி எழுதியது:

நேராக வைக்காதீர்கள், கண்ணாடியில் மண் உரசிக் கீறும், வழுக்கவும் செய்யும். புது ஃபிரிட்ஜ், டிவி பேக்கிங்கில் வருமே வெள்ளை ஈபிஇ ஃபோம், அதில் மெல்லிய ஷீட்டைப் பொம்மை அடியளவுக்கு அரை அங்குலம் குறைத்து வெட்டிக் கீழே வையுங்கள், வெளியே தெரியாது. வெல்வெட் ஒட்டித் தருகிறேன் என்பார்கள், சாயம் இறங்கும், வேண்டாம். தலையாட்டி வைக்கும் தட்டுக்கு மட்டும் முன் ஓரத்தில் அரை அங்குல உயரத்துக்கு பீடிங் (தடுப்புப் பட்டை) அடிக்கச் சொல்லுங்கள், நான்கு பக்கமும் ஆடுவதற்கு இடம் விட்டு வையுங்கள், தலை கண்ணாடியில் இடிக்கக்கூடாது. கதவுக்கு மேக்னட் போட்டால் கடைசியில் டப்பென்று அடிக்கும், அந்த அதிர்ச்சியே மண் பொம்மைக்குப் போதும் கெடுக்க, சாஃப்ட் குளோஸ் கீல் கேளுங்கள். அளவு எடுத்ததும் இங்கே போடுங்கள், துளை எங்கெங்கே வரவேண்டும் என்று வரைந்து அனுப்புகிறேன்.